கேட்டுக் கட்டிய வீடுகள்

நெடுநாளாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்த செய்தி ஒன்றை இன்று எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும். பொறுத்தருள்க.

காட்சிக்கலைப் பாடவேளையில் 'என் வீடு' என்று தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். முக்கோணக் கூரை, நடுவில் கதவு, இருபுறமும் சன்னல், பின்னால் இரண்டு மலை, மலைகளுக்கு இடையே சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. கிளேபாங் பக்கத்துப் பிள்ளை என்றால் கூடுதலாகக் கடலும் ஒரு படகும் இருக்கும். வகுப்பில் பாதிப் பேர் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள். அவர்களில் எவர் வீட்டுக்கும் முக்கோணக் கூரை கிடையாது. கையில் தூரிகை வந்ததும் தாம் வாழும் வீட்டை மறந்துவிட்டுப் பாடநூலில் கண்ட வீட்டை வரைகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி மட்டும் வேறு விதமாக வரைந்தாள். நீண்ட நடைவழி, வரிசையாகக் கதவுகள், கதவோரம் செருப்புகள், கம்பியில் காயும் துணிகள். ஒரு நெகிழி நாற்காலியில் பாட்டி. பாட்டி ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். "உள்ள காத்து வராது டீச்சர். கீழ எறங்கவும் முடியாது, முட்டி வலி. அதனால பாட்டி எப்பவும் இங்கதான் இருப்பாங்க" என்றாள். அவர்கள் வீடு நான்காம் மாடியில். ஐந்து மாடிக் கட்டடம், மின்தூக்கி இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, அந்தக் கட்டடத்தை வரைந்தவர் எண்ணிப் பாராத ஒன்றைத் தன் ஓவியத்தில் எண்ணிப் பார்த்திருந்தாள்.

அந்த மாணவி அண்மையில் தன் தாயாருடன் என்னைக் காண வந்தாள். எஸ்பிஎம் முடித்துவிட்டாள். கட்டடக்கலை படிக்க விரும்புகிறாளாம். தாயார் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மறுப்பேதும் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் கலக்கம் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் வேறு சொல்கிறார்களாம். தாதிமைப் பயிற்சிக்குப் போகலாம், ஆசிரியர் பயிற்சிக்கு மனுச் செய்யலாம், இது எதற்கு என்று தாய்மாமா கேட்டாராம். "ஆர்க்கிடெக் வேலைன்னா பணக்காரங்களுக்கு பங்களா கட்டிக் குடுக்கறதுதானே டீச்சர்? நம்ம ஜனத்துக்கு அதுல என்னா இருக்குன்னு கேக்கறாங்க. பொம்பளப் புள்ள, சைட்ல போயி நிக்கணுமே."

அன்று என்னால் நேராக விடை சொல்ல முடியவில்லை. ஏதோ சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்தபின் மனம் ஆறவில்லை. அந்தத் தாயாருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பலருடைய வீட்டிலும் இக்கேள்வி எழும் என்பதனால்.

இலங்கையில் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா என்னும் அம்மையாரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1918இல் பிறந்தவர். தந்தையார் ஜார்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி, இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராக இருந்தவர். தாயார் ஆக்னெஸ், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியவர். அக்காலத்தில் இலங்கையில் கட்டடக்கலை படிக்க இடமே இல்லை. எனவே மினெட் பம்பாய்க்குச் சென்றார். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது காந்தியடிகள் கைதானதை எதிர்த்த மாணவர்களோடு இவரும் சேர்ந்தார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் படிப்பைத் தொடரலாம் என்றது கல்லூரி. எழுத மறுத்தார். வெளியேற்றப்பட்டார். அதன்பின் லண்டன் சென்று படிப்பை முடித்து, 1948இல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார்.

ஊர் திரும்பிய இவர் கொழும்பில் பெரிய அலுவலகம் ஒன்றும் திறக்கவில்லை. கண்டியில் தம் பெற்றோர் வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். முதல் வாய்ப்பு, பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன இணையருக்கு மலைச்சரிவில் ஒரு வீடு. அவ்வீடு 1951இல் முடிந்தது. ஒரு பெண் வரைந்து கட்டிய வீடு என்பதனாலேயே அதைப் பற்றிப் பேச்சும் சர்ச்சையும் எழுந்தன. நவீனக் கான்கிரீட்டு வீடுதான். ஆனால் கதவுப் பலகைகளில் கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவைப் பதித்தார், உள்ளூர்க் கைவினைஞர் சுட்ட மண் ஓடுகளைப் பயன்படுத்தினார். நெசவாளியும் குயவரும் தம் கைத்தொழிலோடு புதுக்காலத்து வீட்டுக்குள் நுழைந்தார்கள். இன்று 'நிலைத்த வளர்ச்சி' என்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்களே, அச்சொல் புழக்கத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

இருப்பினும் நான் இவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அந்த வீடன்று. கண்டியை அடுத்த வட்டபுளுவ என்னும் இடத்தில் அவர் உருவாக்கிய குடியிருப்பு.

1958ஆம் ஆண்டு. அரசாங்க ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று திட்டமிடப்பட்டது. பல இனத்தார், பல சமயத்தார், வெவ்வேறு வருமானம் உடையவர்கள். வழக்கமான முறை என்ன? ஒரு வீட்டுக்கு வரைபடம் போடுவார்கள், அதையே 250 தடவை கட்டுவார்கள், சாவியைக் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்வார்கள். மினெட் அம்மையார் அப்படிச் செய்யவில்லை. குடிவரப் போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்தார், அவர்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார். குடும்பத்தில் எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறீர்கள், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா, எவ்வளவு செலவு செய்ய இயலும் என்பன போன்றவற்றையெல்லாம் அவர்களிடமிருந்தே தெரிந்துகொண்டார். பதில்களை வைத்துச் சில அடிப்படை வீட்டு மாதிரிகளை வகுத்து, அவற்றை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் தந்தார். பணம் குறைந்தவர்கள் தம் உழைப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளவும் வழி செய்தார்.

ஆண்டைக் கவனியுங்கள். அதே 1958இல்தான் இலங்கையில் தமிழருக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. நாடு இனம் இனமாகப் பிளந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் பல இனத்தாரையும் ஓரிடத்தில் அமர்த்தி 'உங்கள் அடுக்களை எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மை தவறியவளாவேன். கண்டியைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் லயத்து அறைகளில் வாழ்ந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. வட்டபுளுவவில் அரசாங்க ஊழியரிடம் வினாத்தாள் கொடுக்கப்பட்டபோது, சில கல் தொலைவில் லயத்தில் இருந்தவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அது மினெட் அம்மையாரின் குற்றமன்று. அவரிடம் யார் வேலை கொடுத்தார்களோ அவர்களுக்குத்தான் அவர் கட்ட முடியும். ஆயினும் தோட்டத்தில் பிறந்த என் போன்றோர் இந்த வரலாற்றைப் படிக்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கிறது.

அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதி மகிழ்ச்சியானதன்று. பணிகள் குறைந்தன. அவருக்குப் பின் வந்த ஆண்களின் பெயர்களே உலகுக்குத் தெரிந்தன. 1970களின் பிற்பாதியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். 1980களில் கண்டியில் கலை மையம் ஒன்றைக் கட்டினார். இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் 1996இல்தான் வந்தது. ஈராண்டு கழித்து, 1998இல் காலமானார். அவர் கட்டிய வீடுகளில் பல இன்று இல்லை. இதையும் அந்தத் தாயாருக்கு மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இத்தொழிலில் பெண்ணுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது என்று நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் காலம் ஓரளவு மாறியிருக்கிறது. அதற்குச் சான்று தமிழ்நாட்டு மண்ணிலேயே இருக்கிறது.

அனுபமா குண்டூ 1967இல் புனேயில் பிறந்தவர். மும்பையில் படித்துவிட்டு 1990இல் புதுச்சேரியை அடுத்த ஆரோவிலுக்கு வந்து சேர்ந்தார். அங்கு அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட முதல் குடிலைக் கேளுங்கள். சவுக்குக் கம்புகள், தேங்காய்நார்க் கயிறு, பிளந்த பாக்குமரத் தளம், ஓலைக் கூரை. நம் தாத்தா பாட்டிமார் அத்தாப்புக் குடிசையிலிருந்து எப்போது விடுபடுவோம் என்று ஏங்கினார்கள். இவரோ பட்டம் பெற்றபின் ஓலைக் குடிலைத் தேடிப் போனார்! சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வேறுபாடு இருக்கிறது. நம்மவர் மீது குடிசை சுமத்தப்பட்டது. இவர் அதைத் தேர்ந்துகொண்டு, அதில் எது நல்லது, எது மாற வேண்டியது என்று வாழ்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கல்வியின் பயனை 2000இல் முடிந்த அவருடைய 'சுவர் வீடு' காட்டுகிறது. அதன் சுவர்கள் அச்சுக்கல்லால் ஆனவை. அச்சுக்கல் என்பது அப்பகுதிச் சிற்றூர்களில் கையால் அறுத்துச் சுடும் மெல்லிய செங்கல். சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டுவார்கள். சிமெண்டும் பெரிய செங்கலும் வந்தபின் அச்சுக்கல்லை மதிப்பார் இல்லை. குண்டூ அதைத் தேடி எடுத்தார். கூரைக்குக் குயவர்கள் வனைந்த உட்குழிந்த சுடுமண் குழாய்களைக் கோத்து வளைவாக அமைத்தார். இரும்பும் சிமெண்டும் குறைந்தன. அச்செலவு செங்கல் அறுப்பவருக்கும் குயவருக்கும் கொத்தனாருக்கும் கூலியாகப் போனது. தொலைவிலிருந்து வரும் ஆலைப் பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை அருகிலிருக்கும் மனிதக் கைக்குக் கொடுப்பது. 'பசுமைக் கட்டடம்' என்பதற்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் இதுவரை கண்டதில்லை. 2012இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த கட்டடக்கலைக் கண்காட்சியில் அவ்வீட்டை முழு அளவிலேயே மறுபடி எழுப்பினார்கள். அதற்காக இந்தியக் கொத்தனார்கள் வெனிசுக்குச் சென்று, அங்கே பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கரணை பிடித்த கைகளுக்கு அப்படியோர் மேடை அமைத்துக் கொடுத்தவர் ஒரு பெண்.

புதுச்சேரியில் வீடற்ற பிள்ளைகளுக்காக அவர் 2008ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த இல்லங்கள் இன்னும் வியப்பானவை. நம் அறிவியல் வகுப்பிலேயே இதை ஒரு பாடமாக நடத்தலாம். முதலில் பச்சை மண் செங்கற்களால், மண் சாந்து வைத்து, குவிமாடம் போன்ற வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு வீட்டின் உள்ளே இன்னும் சுடாத செங்கல், ஓடு முதலியவற்றை அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டுகிறார்கள். சில நாள் எரிந்து அடங்கியபின் பார்த்தால், வீடும் வெந்து உறுதியாகிவிடுகிறது, உள்ளே அடுக்கிய பொருளும் வெந்து பயனுக்கு வருகிறது. புதுச்சேரியில் மட்பாண்டக் கலைக்கூடம் நடத்திய ரே மீக்கர் பல ஆண்டுகள் செய்து பார்த்து வளர்த்த முறை இது. சன்னல்களுக்குப் பழைய மிதிவண்டிச் சக்கரங்கள், சுவரில் ஆங்காங்கே கண்ணாடிப் புட்டிகள். குப்பையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டார் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். படங்களைப் பார்த்தால் தெரியும், அவை அழகான இல்லங்கள். அழகு பணம் உள்ளவர்க்கு மட்டும் உரியதா என்ன?

2021இல் இவருக்குப் பன்னாட்டு அளவிலான பெருமைக்குரிய ஓகஸ்ட் பெரே பரிசு கிடைத்தது. பாகிஸ்தானில் நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் வீடிழந்தவர்களுக்கு மூங்கிலையும் மண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டு வீடு கட்டக் கற்றுக்கொடுத்து வரும் யாஸ்மின் லாரி அம்மையார், 2023இல் பிரிட்டனின் அரச தங்கப் பதக்கத்தைப் பெற்றார். மினெட் டி சில்வா எந்தக் கழகத்தில் இடம்பெற்றாரோ அதே கழகத்தின் ஆக உயர்ந்த பதக்கம் அது. மாமா கேட்ட 'பங்களா' கேள்விக்கு இவ்விருவர் போதும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நான் பிறந்து வளர்ந்தது இம்மாநிலத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். அதைப் பொன்னுலகமாக எழுதுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. தகரக் கூரை பகலில் தகிக்கும், மழை பெய்தால் அடுத்த வீட்டில் பேசுவதும் கேட்காது, மழை நின்றால் அடுத்த வீட்டில் கிசுகிசுப்பதும் கேட்கும். பொதுக்குழாயில் தண்ணீருக்கு வரிசை. வீடு நம்முடையதன்று. வேலை போனால் வீடும் போகும். நாடாளுமன்றம் 1966இலும் பின்னர் 1990இலும் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சட்டமாக்கியது. தேவையான சட்டங்கள்தாம். எனினும் 'குறைந்தபட்சம்' என்னும் சொல்லைப் பாருங்கள். நமக்கான வீடு எப்போதும் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கியிருக்கிறது.

ஆனால் லயத்துக்கு வெளியே ஒன்று இருந்தது. கோயில் திடல், பந்து விளையாடும் இடம், ஆயாக்கொட்டகை, மாலையில் கிழவர்கள் கூடும் மரத்தடி. திருமணம் என்றால் பந்தல் போட இடம். சாவு என்றால் ஊரே கூடி நிற்க இடம். வீடு சிறியது, வாசல் பெரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மேம்பாட்டுக்காக அழிக்கப்பட்டும் போனபோது நமக்குக் கிடைத்தது மலிவுவிலை வீடு. அதன் விலையை 1982இல் 25,000 ரிங்கிட் என்று அரசு வரையறுத்தது. 1998இல் இடத்துக்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தியது. அறை எத்தனை, பரப்பு எவ்வளவு என்றும் விதித்தது. சொந்தமாக ஒரு வீடு என்பது சிறிய பேறன்று. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் விலை கணக்கில் வந்தது, பரப்பு கணக்கில் வந்தது, வாசல் கணக்கில் வரவில்லை.

பொங்கல் அன்று ஓர் அடுக்குமாடிக்குச் சென்று பாருங்கள். நடைவழியில் எரிவாயு அடுப்பை வைத்துப் பானையை ஏற்றுகிறார்கள். புகையும் நெருப்பும் அண்டை வீட்டாரான மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடைஞ்சலாகுமோ என்று அஞ்சி அஞ்சிப் பால் பொங்குகிறது. அவர்களும் நல்லவர்கள், கதவைத் திறந்து சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதே நடைவழியில்தான் அவர்கள் நோன்புப் பெருநாளுக்கு விளக்கேற்றுகிறார்கள். எல்லாருக்கும் வாசல் தேவைப்படுகிறது, எவருக்கும் அது இல்லை. சாவு வீட்டின் நிலை இன்னும் கொடிது. எனக்குத் தெரிந்த ஒருவரின் தந்தையாரை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. நிமிர்த்திப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று. ஒப்பாரி வைத்த பெண்கள் அந்த ஒரு நிமிடம் அப்படியே நின்றுபோனார்கள். அந்தப் படிக்கட்டை வரைந்தவர் தீயவர் அல்லர். இந்த வீட்டிலிருந்து ஒரு நாள் ஒரு முதியவரை இப்படிக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான். நம் குடியிருப்புகளின் குறை பணக்குறை மட்டுமன்று, கேட்காத குறை. கேட்பதற்குச் செலவு அதிகமில்லை என்பதை வட்டபுளுவ 1958இலேயே காட்டிவிட்டது. ஆனால் கேட்பவருக்கு என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பொங்கல் பானையையும் பாட்டியின் முட்டி வலியையும் அறிந்தவர் வரைபட மேசையில் உட்கார்ந்தால்தான் அந்தக் கேள்விகள் வினாத்தாளில் ஏறும். மருத்துவரும் வழக்கறிஞரும் நம்மில் வேண்டிய அளவு உருவாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கட்டடக்கலை என்றொரு துறை இருப்பதையே நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பலரும் அறியாமல் பள்ளியை விட்டுப் போகிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் அதில் எனக்கும் பங்கு உண்டு. 'எதிர்காலத்தில் நான்' என்று கட்டுரை எழுதச் சொல்லி, முன்மாதிரியாக மருத்துவர் கட்டுரையையே பல்லாண்டுகளாகக் கொடுத்து வந்தவள் நான்.

கிளேபாங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. தேங்காய்ப்பால் குளிர்பானம் குடிக்க வருகிறவர்களும், மணல் மேட்டில் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களும், நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்தைப் பார்க்க வருகிறவர்களும் நிற்கும் இடம் முன்பு கடல். கொல்லைப்புறத்தில் அலை அடித்த வீடுகளுக்கு இன்று அலை ஓசையும் எட்டுவதில்லை. ஓர் ஊரின் வடிவம் ஒரு வரைபடத்தால் மாறும் என்பதற்கு நம் கண் முன்னே இருக்கும் சான்று இது. காஜா பேராங்கின் செட்டி கிராமத்தார் 2010களில் தம் கிராமத்தை ஒட்டி உயரக் கட்டடங்கள் எழும் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். கட்டடம் வரும் என்ற செய்தி வந்தபின் குரல் கொடுப்பது ஒன்று. வரைபடம் போடும்போதே அந்த அறையில் இருப்பது வேறொன்று.

பெற்றோர்கள் கேட்கும் நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். எஸ்பிஎம்முக்குப் பிறகு படிவம் ஆறு, மெட்ரிகுலேசன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா ஆகியவற்றுள் ஒன்று. பின் ஏறத்தாழ மூன்றாண்டு இளங்கலை, இடையில் அலுவலகப் பயிற்சி, அதன்பின் முதுகலை. அதற்குப் பிறகும் பணியில் பயின்று, தேர்வெழுதி, மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்துகொண்டால்தான் 'கட்டடக் கலைஞர்' என்று தொழில் நடத்த முடியும். மலாயாப் பல்கலைக்கழகம், யுஎஸ்எம், யுடிஎம், யுபிஎம் முதலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு உண்டு. தனியார் கல்லூரி என்றால் அதன் படிப்பை வாரியம் ஏற்றிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கணிதம் நன்றாக இருக்க வேண்டும். ஓவியங்களைத் தொகுத்து வைத்திருந்தால் நேர்முகத் தேர்வில் உதவும். நெடிய பாதை. தொடக்க ஊதியம் பெரிதன்று. பொருள்களுக்கும் மாதிரிகளுக்கும் மாணவர் செலவு அதிகம். தெரிந்தே இறங்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரப்பளவு கற்பிக்கும்போது கட்டம் போட்ட தாளோடு நிறுத்திவிடாதீர்கள். அளவுநாடாவைக் கொடுத்து வீட்டை அளந்து வரச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது, பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, வீட்டில் மூத்தவர் எங்கே உட்காருகிறார், ஏன் அங்கே என்று எழுதிவரச் சொல்லுங்கள். நான் ஒரு வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு மாணவன் தன் வீட்டில் படிக்க இடமே இல்லை என்பதை எண்களாக எழுதிக்கொண்டு வந்தான். அவன் தந்தையார் மறுவாரம் அலமாரி ஒன்றை நகர்த்தி மேசை போட இடம் செய்தார். பத்து வயதில் அவன் முதல் வீட்டுத் திருத்தத்தைச் செய்துவிட்டான்.

இதையெல்லாம் அந்தத் தாயாரிடம் தொலைபேசியில் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி டீச்சர், அவ அப்பாகிட்ட பேசறேன்" என்றார். அவ்வளவுதான். விண்ணப்பம் போட்டுவிட்டார்களா என்று இன்னும் கேட்கவில்லை.

ஆனால் சென்ற சனிக்கிழமை மகள் மட்டும் வந்தாள், கையில் குறிப்பேட்டோடு. தோட்டத்து லயத்து வீட்டின் படம் ஒன்று வரைய வேண்டுமாம். பாட்டியிடம் கேட்டு முடித்துவிட்டாள், அடுத்து நான். "அடுப்பு எந்தப் பக்கம் இருக்கும் டீச்சர்? ராத்திரி யார் யார் எங்க படுப்பீங்க? மழை பெஞ்சா விறக எங்க வைப்பீங்க?" என்று அடுக்கினாள். ஏழு பேர் எப்படிப் படுத்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அடுக்களையின் அகலம் எவ்வளவு என்று கேட்டபோது திகைத்துவிட்டேன். பதினான்கு வருடம் வாழ்ந்த வீடு. கையை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். அவள் அளவுநாடாவை எடுத்து என் கைகளுக்கு இடையே வைத்து அளந்தாள். எனக்குச் சந்தேகமாக இருக்கவே ஜாசினில் இருக்கும் அக்காவுக்கு அழைத்தேன். "ரெண்டு பேரு சேர்ந்து நின்னா மூணாவது ஆளு திரும்ப முடியாதுடி" என்றார் அக்கா. அவள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.